நாற்பத்திரண்டு பேர் பட்டியல்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? நீ போனை எடுத்தால்தானே, அதனால்தான் கடிதம். போன ஞாயிறும் கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்கள் வண்டிகளையும் பைகளையும் பார்த்துக்கொண்டாய். மலைநடைச் சங்கமே உன்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது.

மே மாதம் வனத்துறைக்கு ஆண்டுப் பட்டியல் போக வேண்டும். நாற்பத்திரண்டு பேருக்குத்தான் அனுமதி. வழி உன் நிலத்துக்குள் தொடங்குவதால், நீ கையெழுத்துப் போட்ட பட்டியலில் பெயர் இல்லாத யாரையும் மேலே விடமாட்டார்கள். ஒருவர் ஊர் மாறிப் போய்விட்டார், ஓர் இடம் காலி. அதை நிரப்பியதும் அனுப்புகிறேன். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் எனக்குச் சொன்ன ஒரே மருந்து இந்த மலைதான், உனக்குத் தெரியாததா?

உன் பாசமுள்ள தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். உப்பைக் குறை.

பதினொரு வருஷமாக நீங்கள் ஏறுவதையும் சிரித்துக்கொண்டே இறங்குவதையும் பார்க்கிறேன். மேலே போனால் அந்தப் பக்கம் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் "சூப்பரா இருக்கும்கா" என்பீர்கள், அதோடு சரி. தனியாகப் போகலாம் என்றால் வனத்துறை விடாது. அந்தக் காலி இடத்தை எனக்குக் கொடேன். இடது கால் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். உங்கள் பின்னாலேயே வந்துவிடுவேன்.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் படித்துக் கண் கலங்கிவிட்டது. உன்னைவிட எனக்கு யார்? ஆனால் சங்கத்தில் ஒரு விதி உண்டு. கேட்டிலிருந்து மொட்டைப்பாறை வரை நாற்பது நிமிடத்துக்குள் ஏறினால்தான் உறுப்பினர். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். உன் பாதுகாப்புக்காகத்தான் சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதே.

உன் பாசமுள்ள தம்பி

மே 4

தம்பிக்கு,

மொட்டைப்பாறை வரை என் நிலம்தானே, வனத்துறை தடுக்காது; ஏறிப் பார்த்தேன். முதல் நாள் ஒரு மணி நேரம் எட்டு நிமிடம். பாறையில் உட்கார்ந்து அழுதேன், வெட்கப்படவில்லை. பக்கத்து வீட்டு டீச்சர்தான் கையில் கடிகாரத்தோடு தினமும் கூட வந்தாள். "செருப்பை விடுங்கக்கா, ஷூ வாங்குங்க" என்று இழுத்துப்போய் வாங்க வைத்தாள். இடது ஷூவுக்குள்ளே அட்டை வைத்து உயரம் கொடுத்தோம். இரண்டு நகம் போய்விட்டது. நேற்று முப்பத்தொன்பது நிமிடம்! டீச்சர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். இத்துடன் வைத்திருக்கிறேன்.

எந்த ஞாயிறு வரட்டும்?

உன் அக்கா

மே 12

அக்காவுக்கு,

கமிட்டி இப்போது முப்பது நிமிடம் ஆக்கிவிட்டது. என் கையில் இல்லை. காலி இடத்துக்கு எங்கள் ஆபீஸ் மேனேஜர் வருகிறார்.

நீ இப்படி நச்சரிப்பதால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முப்பது நிமிடத்தில் ஏறினாலும் உன்னைச் சேர்க்க முடியாது. வருகிறவர்கள் நாலு இடத்தில் போட்டோ போடுகிறவர்கள். நீ நொண்டி நொண்டி ஏறுவதை யார் பின்னால் நின்று பார்ப்பது? இவள் என் அக்கா என்று நான் எத்தனை பேரிடம் சொல்வது? நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தெரியாது. உனக்கும் அது நல்லது, எனக்கும் நல்லது.

பட்டியல் இத்துடன். வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, மாதக் கடைசிக்குள் வனத்துறை ஆபீசில் கொடுத்துவிடு.

தம்பி

மே 29

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். கண் கலங்கவில்லை.

போன ஞாயிறு உங்கள் சங்கத்துச் செயலாளர் அம்மா தண்ணீர் கேட்டு வந்தார். முப்பது நிமிட விதியைப் பற்றிக் கேட்டேன். "டைமா? அப்படி ஒரு விதியே கிடையாதேக்கா, யார் சொன்னா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்று நீ ஏறியதை டீச்சரும் நானும் கேட்டில் நின்று பார்த்தோம். மொட்டைப்பாறைக்கு உனக்கு நாற்பத்தாறு நிமிடம் ஆனது. இரண்டு இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாய். முன்பென்றால் ஓடி வந்திருப்பேன்.

பட்டியலை இந்த முறை படித்தேன். நாற்பத்தொரு பேருக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன், உன் மேனேஜருக்கும் சேர்த்து. முதல் வரியில் இருந்த உன் பெயரை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் செயலாளர் அம்மா தன் கையாலேயே என் பெயரை எழுதினார். நேற்று வனத்துறையில் கொடுத்து முத்திரையும் வாங்கியாகிவிட்டது. இனி அடுத்த மே மாதம்தான் மாற்றுவார்களாம். டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. தெரிந்துதான் அடித்தேன்.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான். உன் பாதுகாப்புக்காகத்தான் சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை நேரத்தோடு வந்துவிடு. நாங்கள் மேலே போனதும் வண்டிகளையும் பைகளையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நாற்காலியைத் துடைத்துக் கேட் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

உன் பாசமுள்ள அக்கா