நாகூர் போக வேண்டிய உன் வண்டியும் நான் ஊற்றிய ஆயிலும்

அன்புள்ள மச்சான் சாகுல்,

அங்கே மோட்டார் சைக்கிள் உண்டா? உண்டென்றால் என்ன ஆயில் ஊற்றுகிறார்கள் என்று கேட்டுச் சொல். இங்கே குத்தாலத்தில் ஆளுக்கொன்று சொல்லி, என் மண்டை கலங்கிப் போயிருக்கிறது.

நீ போன பிறகு உன் வண்டியை அவ்வப்போது நான்தான் எடுக்கிறேன். போன மாதம் பாசம் பொங்கிவிட்டது. கடையில் இருந்ததிலேயே உசத்தியான ஆயிலை வாங்கி ஊற்றினேன். அது காருக்கானது. என் கல்யாணத்தில் எனக்குக் கோட்டு மாட்டிவிட்டார்களே, அதைப்போல, பொருந்துமா என்று யோசிக்கவே இல்லை.

ஆற்றுப் பாலத்தில் குட்டு வெளிப்பட்டது. நம் பக்கத்தில் மேடு என்றால் பாலம்தானே? முறுக்கினால் எஞ்சின் மேடைப் பேச்சாளர் மாதிரி முழங்குகிறது, வண்டி நகரவில்லை. வைக்கோல் டிராக்டர் முந்தியது. பிறகு நாற்றுக்கட்டு சுமந்து நடந்துவந்த அக்காவும் முந்தினார். "என்ன தம்பி, வண்டிக்கும் மூட்டுவலியா?"

உன் வீட்டுக்கார ராபியா தங்கச்சி வேறு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. "அண்ணே, அவங்க வருசா வருசம் தர்கா கந்தூரிக்கு இதுலதான் நாகூர் போவாங்க. இந்தத் தடவ நீங்க போய்ட்டு வாங்க. நடுவழியில நின்னுச்சுன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுறேன். வாசல்ல சும்மா நிக்கிறதப் பாக்க முடியல."

மெக்கானிக் முருகையன் தலையில் அடித்துக்கொண்டார். "சார், இதுல கிளட்ச்சு எஞ்சின் ஆயில்லயே முங்கிக் கெடக்கு. கார் ஆயில ஊத்துனா பிளேட்டு வழுக்கத்தானே செய்யும்? டப்பாவுல எம்.ஏ.ன்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க."

ஆயிலே எம்.ஏ. முடித்திருக்கிறது, மச்சான். நான் பி.ஏ.வையே மூன்று தடவை எழுதினேன்.

ஆயிலை மாற்றினோம். அப்போதும் வழுக்கல். திறந்து பார்த்தால் பிளேட்டுகள் கருகிக் கிடந்தன.

"இது ஒரு மாசத்து வேல இல்ல சார்" என்றவர், கிளட்ச் லீவரை ஒற்றை விரலால் தொட்டார். "கேபிள இவ்ளோ இழுத்து வச்சது யாரு? கொஞ்சம் லூசு வேணும். இப்புடி வச்சா எந்நேரமும் லீவரப் பாதி அமுக்குன மாதிரிதான். கையில தெம்பு இல்லாதவங்கதான், லேசா அமுக்குனாலே போதும்னு இப்புடி வைப்பாங்க."

சிரிக்க வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். அந்த கேபிளை உன்னைத் தவிர யாரும் தொட்டதில்லை.

நீ கண் மூடுவதற்கு முந்தின அந்தக் கடைசி வருடம் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தாயே. "பொண்ணு பாக்க வந்த வீட்டுல காப்பி கொண்டார்ற பொண்ணாட்டம் இருக்கடா" என்று கடை முழுக்கக் கேட்க நக்கலடித்தேன். நீயும் சிரித்தாய். கிளட்ச் பிடிக்கிற அந்த இடது கைக்கு என்ன ஆகியிருந்தது? டாக்டரிடம் போனாயா? ராபியாவுக்குத் தெரியுமா? எந்த வீட்டில் நேற்று என்ன சண்டை என்பதுவரை தெரிந்த எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கை எப்படித் தெரியாமல் போயிற்று?

புது பிளேட்டுகளைப் போட்டுவிட்டு, "கேபிள லூசு விடட்டுமா சார்?" என்றார் முருகையன். விட்டால் வண்டி பிழைக்கும். ஆனால் அந்த இறுக்கம் நீ வைத்தது. அந்த லீவரைக் கடைசியாக ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன். பிறகு, "விடுங்க" என்றேன்.

நேற்று பாலம் ஏறிவிட்டது. கிளட்ச்சைக் கெடுத்தது நானா நீயா என்று இன்னும் விளங்கவில்லை. ராபியாவிடம் எதைச் சொல்வது என்றும் தெரியவில்லை. நாகூருக்கு நிற்காமல் போய் வருவேன். இனி எவனாவது டீ கிளாஸை இரண்டு கையால் பிடித்தால், முதலில் கையைக் கேட்பேன். நக்கல் அப்புறம்தான்.

இப்படிக்கு,
கேட்காமல் விட்ட உன் மச்சான்,
கலியமூர்த்தி