மாமாவின் ஜீப்பில் நான் வைத்த விசில்

ஜூன் 4, புதன்
மாமாவின் ஜீப் இன்று மூக்கை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றது. குவாரிக்குப் போகும் வழியில் ஓடையைக் கடக்கும்போதெல்லாம் புகைக்குழாய்க்குள் தண்ணீர் ஏறிவிடுகிறதாம். அதனால் வெல்டர் குழாயைத் திருப்பி, ஜன்னலோரமாகக் கூரைக்கு மேலே தூக்கி விட்டிருக்கிறார்.
"எப்படி இருக்கு நம்ம வண்டி?" என்று மாமா மீசையைத் தடவினார்.
"செங்கல் சூளை மாதிரி இருக்கு மாமா."
ஜீப்புக்குப் புகைபோக்கி, அம்மாவுக்குப் புகைச்சல். "இந்த நேரத்துல ஒரு பொண்ணைப் பாத்திருக்கலாம்டா" என்று தன் தம்பியை விரட்டினாள்.

ஜூன் 6
மாடிப்படியில் நின்றால் குழாயின் வாய் கைக்கு எட்டுகிறது. எட்டினால் விடுவேனா? சின்னத் தகர டப்பா, அடியில் ஓட்டை, ஓட்டையில் என் விளையாட்டு விசில். டப்பா அளவெடுத்துத் தைத்த மாதிரி குழாய் வாயில் உட்கார்ந்தது.
மாமா வண்டியைக் கிளப்பினார். வீஈஈஈல்! தெருவே வாசலுக்கு வந்தது. தையல்காரர் ஊசியும் கையுமாக ஓடிவந்தார். மாமா பானெட்டைத் திறந்து எஞ்சினைத் திட்டினார். நான் மாடியில் உருண்டு உருண்டு சிரித்தேன்.

ஜூன் 7
சத்தம் நின்றுவிட்டது. டப்பாவையும் காணோம். வழியில் எங்கேயோ பறந்திருக்கும். விசிலுக்கு ஒரு நிமிட மௌனம்.

ஜூன் 9
"வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்றார் மாமா.
"நீங்க கொஞ்சம் இளைங்க."
தலையில் குட்டு. சாயங்காலம் தலைவலி என்று சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

ஜூன் 10
மாமா ஆஸ்பத்திரியில். எழுத வரவில்லை.

ஜூன் 11
நேற்று மழை. ஓடையில் வெள்ளம் வடியட்டும் என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் வந்த குவாரி லாரிக்காரர் கதவைத் திறந்தபோது ஸ்டீயரிங்கில் சாய்ந்து கிடந்தாராம். தூங்குகிறார் என்றே நினைத்தாராம்.
"புகை வெளிய போகாம உள்ளயே வந்திருக்கு. ஆளை மயக்குற வாயுவுக்கு வாசனையே கிடையாதும்மா" என்றார் டாக்டர்.
மாஸ்க்குக்குள் மாமாவின் மீசை. கண் திறக்கவில்லை.
குழாய் மேலே பார்த்து நின்றால் டப்பா எங்கே போகும்? உள்ளேதானே விழும்? இது ஏன்டி உனக்கு அன்னிக்குத் தோணல? ஏன் தோணல?

ஜூன் 12
கண் திறந்துவிட்டார்! அம்மா அழுத முகத்தோடு நேராகப் பட்டறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே.
"என் தம்பியைக் கொல்லப் பாத்தியே!"
வெல்டர் ஜீப்புக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். "சீட்டுக்குக் கீழ ஜாயிண்ட் விட்டிருக்கும்மா. என் கை தப்புதான்." கையுறையைக் கழற்றி வைத்தார்.
அவர் சண்டை போட்டிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனோ? இருந்திருப்பேன்.
"குழாய் வளைவை அறுத்துப் பாருங்க. டப்பா அடைச்சிருக்கும். நான்தான் வச்சேன்."
"இப்பவுமாடி உனக்கு விளையாட்டு?" என்று அம்மா என்னைத் தள்ளினாள்.
வெல்டர் என் முகத்தைப் பார்த்தார். அறுத்தார். டப்பா கரிக்கட்டையாக விழுந்தது. அம்மா அடிப்பாள் என்று நின்றேன். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

ஜூன் 18
மாமா வீட்டுக்கு வந்தார். நானே எல்லாவற்றையும் சொன்னேன். 
"சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.
அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஜூலை 9
புதுக் குழாய், அதன் வாயில் கம்பிவலை. குவாரிக்கு மறுபடி கிளம்பினோம், பக்கத்து சீட்டில் நான். பாதை பிரிகிற இடத்தில், வருடக்கணக்காகத் தினமும் திரும்புகிற இடத்தில், மாமா வண்டியை நிறுத்தினார்.
"எந்தப் பக்கம் போகணும்?"
விசிலுக்குப் பழிவாங்குகிறார் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். "நேராப் போனா நிலா, மாமா!"
அவர் சிரிக்கவில்லை. இரண்டு பாதையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 11
"அந்த வாயுவால வர்ற மறதி சில பேருக்குப் பல வாரம் கழிச்சுத்தான் தெரியும். சரியாகலாம்" என்கிறார் டாக்டர்.
லாம்.

ஆகஸ்ட் 2
ஜீப்பை இப்போது லாரிக்காரர் ஓட்டுகிறார். சாயங்காலம் மாமாவும் நானும் நடக்கப் போகிறோம். ஒவ்வொரு முனையிலும் நான் ஒரு அடி முந்தித் திரும்புவேன். "தெரியும்டி" என்றபடி பின்னால் வருவார். இன்று வீடு திரும்பும்போது, தையல்கடை தாண்டியதும் அவரே முந்திக்கொண்டு வலப்பக்கம் திரும்பினார். வீட்டுக்கு அது வழியில்லை. நானும் வலப்பக்கம் திரும்பிக் கூடவே நடந்தேன்.