பிடி

அஸ்தினாபுரம்,
ஆகஸ்ட் 1991

கண்ணு,

உன் கதைக்காக நீ கற்பனை செய்த ராணிக்கென்று, நாம் மியூசியத்தில் பார்த்த குத்துவாளைப் போல அப்பா அடித்த கத்தியை முடித்துவிட்டேன். மரப்பிடி மட்டும்தான் பாக்கி இருந்தது. அவர் போனபின் தினமும் கொஞ்சம் அரத்தால் ராவினேன்.

சாணை பிடிக்கக் குரோம்பேட்டைக்கு எடுத்துப்போனேன். பட்டறைக்கார ஹிதாயத்துல்லா பிடித்துப் பார்த்துச் சிரித்தார். "இன்னாக்கா, சோத்துக்கையில நிக்கவே மாட்டேங்குது. வூட்ல யாரு பீச்சாங்கை?"

"இப்ப யாரும் இல்லை" என்றேன்.

அரம் என் வலக்கையில் இருந்ததால், பிடியை இடக்கையிலேயே வைத்துப் பார்த்திருக்கிறேன். அதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் என் இடக்கைக்கும் அது பெரிதாக இருக்கிறது.

காரியத்துக்குப் பிறகு நீ வீட்டுப் பக்கமே வரவில்லை. நீயும் அவரைப் போல இடக்கைதானே. வந்து ஒருமுறை பிடித்துப் பார். உனக்கும் பெரிதாக இருந்தால், இரண்டு பேருமாகச் சேர்ந்து பயப்படலாம்.

அம்மா