இரண்டாவது பைப்பு

அன்பு மச்சானுக்கு,

என் மேல் உள்ள கோபம் இன்னும் தீரவில்லை என்றாலும் பரவாயில்லை, முதலில் இதைக் கேள், அப்புறம் திட்டு. உன் மகள் மாலதி நம் இரண்டு தோட்டத்து மண்ணிலும் ஒரு கருவியை ஊன்றி வைத்திருக்கிறாள். வேரடியில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அது அவளுடைய போனுக்குச் சொல்கிறது. ஈரம் குறைந்தால் மட்டும்தான் தண்ணீர் திறக்க வேண்டுமாம். நீ போன பிறகு உன் தக்காளியை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"மாமா, மேல காஞ்ச மாதிரிதான் தெரியும். கீழ இன்னும் ஈரம் இருக்கு. இன்னிக்குத் தண்ணி வேணாம் லா," என்றாள். நான் நம்புகிற ஆளா? மண்வெட்டியை எடுத்துக் கொத்திப் பார்த்தேன். மண் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது, மச்சான்.

நம் முறைத் தண்ணீர் ஞாபகம் இருக்கிறதா? தேயிலை மலை ஓடையிலிருந்து ஒரே பைப்பு, தண்ணீர் சேர ஒரே டேங்கி. காலையில் எனக்கு, சாயங்காலம் உனக்கு. செடிக்கு வேண்டுமா என்று என்றைக்காவது பார்த்தோமா? முறை வந்தால் திறந்தே ஆக வேண்டும், விட்டால் மற்றவன் கொண்டுபோய்விடுவான் என்று ஒரு பயம். ஒரு வெயில் காலத்தில் டேங்கி வற்றியது. நீ என்னைத் திருடன் என்றாய், நான் உன்னைத் திருடன் என்றேன்.

"இனிமே நீ எனக்கு மச்சான் இல்லடா. என் தங்கச்சி புருஷன், அவ்வளவுதான்!" என்று கத்திவிட்டுப் போனாய். மலை உச்சியிலிருந்து உனக்கென்று தனியாக இன்னொரு பைப்பு இழுத்தாய்.

அந்தப் பைப்பின் வாயில் அடைத்த இலையை எடுக்கத்தானே மழையில் ஏறினாய்? அந்த ஏற்றத்தில்தானே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய்?

இந்த வருஷமும் மழை தள்ளிப் போனது, ஓடை மெலிந்தது. மாலதி உன் பைப்பைத் தொடவே இல்லை. பழைய பைப்பை வைத்தே இரண்டு தோட்டத்தையும் காப்பாற்றிவிட்டாள், டேங்கியில் மிச்சம் வேறு. அன்றைக்கும் யாரும் திருடவில்லை, மச்சான். வேண்டாத மண்ணில் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு கொட்டியிருக்கிறோம். ஒரே பைப்பு நமக்குப் போதுமாகத்தான் இருந்திருக்கிறது.

சரசுவிடம் சொன்னேன். "எங்கண்ணன் போனப்புறம் வந்து இதச் சொல்றீங்களா?" என்றாள். சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உன் தங்கச்சி கேட்டதில் என்ன தப்பு?

கோலா தெர்லா ஊரில் லோரிக்குக் காய் ஏற்றும்போது எத்தனையோ தடவை பக்கத்துப் பக்கத்தில் நின்றிருக்கிறோம். நீ முதலில் பேசட்டும் என்று நான் கூடையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பாழாய்ப் போன வீம்பு. நீயும் அதற்காகத்தான் நின்றாயா?

"அந்தப் பைப்பக் கழட்டிடலாம் மாமா. இனிமே யாரும் அங்க ஏற வேணாம்," என்கிறாள் மாலதி. நாளைக் காலையில் போகிறோம். உன் மகளை அந்த ஏற்றத்தில் தனியாக விடமாட்டேன், இது சத்தியம். எனக்கு மூச்சு வாங்கினால் உட்கார்ந்து உட்கார்ந்தாவது ஏறுவேன்.

இன்று சாயங்காலம், உன் முறை நேரத்துக்கு, பைப்படியில் போய் நின்றேன். மண்ணில் ஈரம் இருக்கிறது, திறக்க வேண்டிய வேலை இல்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

நீ என்ன சொல்லியிருந்தாலும் சரி,
இப்படிக்கு,
உன் மச்சான்தான்,
முனியாண்டி