வட்டை அழித்த கதை

அமிர்தகழி,
08.02.2026

அன்பு மகள் யசோதினிக்கு,

அப்பா எழுதுவது. மாமாங்கப் பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். நீயும் அந்த நோர்வேப் பனியில் வழுக்கி விழாமல் நடமாடுகிறாய் என்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். உன்னிச்சை வயலில் வெள்ளாமை தலை சாய்ந்துவிட்டது, வெட்டுமெசினுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், மழைதான் விட்டபாடில்லை. நாளாந்தம் போனில் கதைக்கிற மனிசன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் என்றால் அம்மா பக்கத்தில் நிற்பாள். அதோடு நான் சொல்லப் போவதைக் கேட்டு நீ அழுதால் எனக்குத் தாங்காது. முப்பது வருசம் பஸ்ஸில் டிக்கட் கிழித்துக்கொண்டு சனத்தோடு சண்டை பிடித்த வாய், இப்போது கடதாசிக்குள் ஒளிக்கிறது.

லினக்ஸ் சாதாரண ஆட்களுக்கும் பாட்டுக்காரருக்கும் தோதுப்படுமா, மூன்று மாதம் பாவித்ததை உள்ளபடி சொல்லுங்கள், வேலையிடத்துக் கூட்டத்தில் வாசிக்கப் போகிறேன் என்று கேட்டிருந்தாய். ஓ.எல். சோதனையில் கணக்குக்கு இரண்டு தரம் குண்டடித்தவனின் சாட்சியம் வெள்ளைக்காரருக்கு என்னத்துக்கோ தெரியாது, கேட்டபடியால் சொல்கிறேன். பேப்பர் வாசிக்க, யூடியூப் பார்க்க, பென்சன் படிவம் அச்சடிக்க ஒரு குறையும் இல்லை. இந்தக் கிழட்டுக் கொம்பியூட்டர் இப்போது காலையில் என்னைவிடச் சுறுக்காக எழும்புகிறது. கோயிலில் இருந்து வரும் பாமினி எழுத்து அறிவித்தல்கள் மட்டும் கோழி கிளறியது மாதிரி வந்தன, நீ அனுப்பிய எழுத்துருவைப் போட்டதும் அதுவும் சரி. பாட்டு வாசிக்கிற கீபோர்ட்டைப் பொருத்தியபோது முதல் கிழமை நான் கட்டையை அமத்தி, கையை எடுத்து, மூக்கையும் சொறிந்த பிறகுதான் சத்தம் வந்தது. நீ சொன்ன எண்ணை மாற்றியதும் கையோடு வருகிறது. தபேலா, நாதஸ்வரச் சத்தம் தந்த என் பழைய மென்பொருள் இதில் ஓடாது, அது பாட்டுக்காரனுக்கு நட்டம்தான். மற்றப்படி நல்ல சாமான். ஆனாலும் நம்முடைய ஊரில் லினக்ஸின் பெயர் நாறிப்போய்க் கிடக்கிறது மகள், நாறடித்தவன் உன் அப்பன்.

விண்டோசுக்கு இனி ஆதரவு இல்லை என்று நீ நவம்பரில் இந்த லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை போனில் சேர்ந்து செய்வோம், அதுவரை தொடாதீர்கள் என்றாய். எனக்குப் பொறுக்கவில்லை, வெள்ளிக்கிழமையே சொருகினேன். மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது. பெருமை தலைக்கேறி அதையே அமத்தினேன். கொஞ்சத்தில் "வட்டை அழித்து நிறுவுக" என்று ஒரு வரி வந்தது. நம்முடைய பக்கத்தில் வட்டை என்றால் என்ன, வயல்வெளி. கொம்பியூட்டரில் அந்தப் பெயரிலேயே ஒரு கோப்புறை வைத்திருந்தேன், உன்னிச்சையில் யானை மிதித்ததற்கு நட்டஈடு கேட்க எடுத்த நூற்றுநாற்பது படம். இடம் காணாதாக்கும், மரியாதையாக அனுமதி கேட்கிறது என்று நினைத்தேன். யானை அழித்தது போதாது, நீயும் அழி ராசா என்று சிரித்துக்கொண்டே அமத்தினேன். அது கேட்டது வயலை இல்லை மகள், வட்டு, முழு வட்டு.

அந்த வட்டில்தான் அம்மாவின் பதினொரு பாட்டும் இருந்தன. கழுத்துக் கட்டி குரல் நரம்போடு ஒட்டியிருக்கிறது, ஒப்பரேசனுக்குப் பிறகு குரல் பழையபடி வராமலும் போகலாம் என்று டொக்டர் முதலே சொன்னதும், இருந்த இரண்டு கிழமைக்குள் அறையைச் சாத்தி, காற்றாடியை நிப்பாட்டி, வேர்த்து ஒழுக ஒழுக அவள் பாடினாள். பாண் விற்கிறவன் ஆட்டோவில் மெட்டைப் போட்டுக்கொண்டு வந்தால் நிறுத்தி, அவன் போனதும் முதலிலிருந்து தொடங்குவாள். அனுப்புங்கள் அனுப்புங்கள் என்று நீ எத்தனை தரம் கேட்டாய். நான் பெரிய ஒலிப்பதிவாளர் அல்லவா, போனில் அனுப்பினால் சத்தம் நசிந்துவிடும், ஆர்மோனியமும் சேர்த்துத் துப்புரவாகத் தருகிறேன் என்று நின்றேன். அதனால் உன்னிடமும் ஒன்றும் இல்லை. எங்கேயாவது ஒளிந்திருக்கும் என்று தேடுகிற மென்பொருளை எல்லாம் இறக்கி இறக்கி இரண்டு மாதம் தேடினேன். கடைசியில் காத்தான்குடியில் கொம்பியூட்டர் திருத்துகிற றிப்ஷானிடம் கொண்டுபோனேன். "அண்ணன், வட்டெண்டா டிஸ்க், வயலில்ல. அழிஞ்ச அண்டே நிப்பாட்டிக் கொண்டு வந்திருந்தா ஏதும் பாத்திருக்கலாம், தேடுறன் தேடுறன் எண்டு நீங்களே மேல மேல எழுதிட்டீங்க" என்றான். பிறகு தேத்தண்ணி எடுத்துத் தந்துவிட்டு, மற்ற வேலையைப் பார்க்காமல் என்னோடேயே இருந்தான்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. "இஞ்சாருங்க, என்ட பாட்டை ஒருக்காப் போடுங்களன்" என்று கேட்கும்போதெல்லாம், லினக்ஸ் பாட்டுக்குச் சரிவராது என்று பழியை அதன் தலையில் போட்டேன். அவள் நம்பி, ஒப்பரேசனோடு கரகரத்துப்போன அந்தக் குரலில் ஊரெல்லாம் சொன்னாள். எங்கள் பஜனைக்குத் தபேலா அடிக்கிற உதயரூபன் தன்னுடைய கொம்பியூட்டரிலும் லினக்ஸ் போட இருந்தவன், "நல்ல காலம் அன்னப்பூரணி அக்கா சொன்னா" என்று விட்டுவிட்டான். போன செவ்வாய்க்கிழமை அவளே வந்து, "பாட்டுத்தானே சரிவராது, கதைக்கிறதைப் பதியுமா? புள்ளைக்கு ரெண்டு சொல்லுச் சொல்லணும்" என்றாள். மைக்கை வைத்தேன், நாலு நிமிசம் கதைத்தாள். கேட்கத் தந்தேன். மூச்சு விடுவதுகூடத் தெளிவாக விழுந்திருந்தது. காதில் இருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, "இவ்வளவு வடிவாக் கேக்குதே, அப்ப என்ட பாட்டு எங்க?" என்றாள். இல்லை என்றேன். எழும்பிப் போய் இறால் உரித்தாள். அன்றிலிருந்து சாப்பிட மட்டும் கூப்பிடுகிறாள். ஏசினால் ஆறுதலாக இருக்கும், ஏசுகிறாள் இல்லை. உதயரூபனிடம் நேற்றுப் போய் உண்மையைச் சொன்னேன், அவனும் சிரிக்கவில்லை.

இத்தோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். முதலில் அம்மா உனக்குச் சொன்னது இருக்கும். அவளுக்கு அதைப் போட்டுக் காட்டியபோது மற்றத் தடத்தில் பதிவு ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அதனால் அவள் கேட்ட கேள்வியும், என்னுடைய இல்லையும், கதிரை இழுபடுகிற சத்தமும் பின்னால் வரும். வெட்டி எடுக்க எனக்கு இப்போது தெரியும். வெட்டவில்லை. கூட்டத்தில் என் சாட்சியத்தை வாசிப்பதென்றால் இதையும் சேர்த்து வாசி, பாவம் அந்த லினக்ஸ்.

பிள்ளையார் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். தலைக்கு எண்ணெய் வை, நேரத்துக்குச் சாப்பிடு. பென் டிரைவ் கைக்கு வந்ததும் முதல் வேலையாக இரண்டு இடத்தில் நகல் எடு, பிறகு கேள்.

உன் அப்பா,
க. நல்லரத்தினம்