திரை வரவில்லை

ஜூன் 2, திங்கள்

இன்று பள்ளிகள் திறப்பு. லஸ்ஸிலிருந்து கோபாலபுரம் ஆஸ்பத்திரிக்கு வர முக்கால் மணி நேரம் ஆனது. வந்தும் வேலை ஓடவில்லை.

கதிர்வீச்சு எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு போக வேண்டும் என்று நான் வரைந்து கொடுத்தால்தான் நோயாளிக்குச் சிகிச்சை தொடங்கும். வரைகிற மென்பொருள் கீழ்த்தளத்து சர்வரில் ஓடுகிறது. அதற்கென்று தனித் திரை கிடையாது. படம் என் மேஜைக் கம்ப்யூட்டருக்குத்தான் வர வேண்டும். இன்று லாகின் ஆகிறது, படம் மட்டும் வரவில்லை. ‘திரையைத் திறக்க இயலவில்லை.’ இந்த ஒரு வரியை இருபது தடவையாவது பார்த்திருப்பேன்.

சனிக்கிழமை எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏதோ பாதுகாப்பு மென்பொருள் ஏற்றினார்களாம். நிர்வாக மேலாளர் சாய்நாத்தின் ஏற்பாடு.

ஜூன் 3, செவ்வாய்

அப்துல் சமத் வந்து பார்த்தார். ஒப்பந்தத்தில் ஏழு வருஷமாக எங்கள் கம்ப்யூட்டர்களைக் கவனிப்பவர். கால் மணி நேரத்தில் பிடித்துவிட்டார்.

“வயரு பிரச்சினையே இல்ல மேடம். வயரு போயிருந்தா லாகினும் ஆவாதே. வீட்ல இருந்து வேலை செய்றதுக்கு ஏற்கெனவே ஒரு சாஃப்ட்வேர் கீது. இப்ப அது மேல இன்னொண்ணு. ரெண்டும் ஒரே பாதையைப் பிடிச்சிக்கினு சண்டை போடுது. சர்வரு படத்தைத் திருப்பி அனுப்பினா, யாரோ வெளியாளுன்னு வாசல்லயே நிறுத்திடுது. எனக்கு அரை நாள் குடுங்க, சரி பண்ணிடறேன்.”

சாய்நாத் இடம் கொடுக்கவில்லை. “புது சாஃப்ட்வேர் மேல யாரும் கை வைக்கக் கூடாது. முதல்ல நீங்க போட்ட வயரிங்கைப் பாருங்க” என்றார்.

யார் எத்தனை நிமிஷம் நாற்காலியில் இருக்கிறார்கள் என்று அந்தப் புது மென்பொருள் எண்ணிக் காட்டுமாம். அதற்காகத்தான் இத்தனை பிடிவாதம். சீ.

ஜூன் 5, வியாழன்

தேசம்மா. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவர். நாக்கில் புற்று. தலை அசையாமல் பிடிக்க அவர் முகத்தின் மேலேயே வார்த்தெடுத்த மாஸ்க் போன வாரமே தயார். என் வரைவுதான் பாக்கி. வேறு இடத்துக்கு அனுப்பலாமா என்று டாக்டர் விஜயலக்ஷ்மி விசாரித்தார். அங்கே மூன்று வாரம் வரிசை.

மகள் ஏஞ்சல் அவரையும் கூட்டிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டாள். “இன்னா மேடம், நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிக்கினே கீறீங்க. அம்மாவுக்குக் கஞ்சி கூட எறங்கல. எளைச்சிக்கினே போவுது.”

“கம்ப்யூட்டர்ல சின்னப் பிரச்சினைம்மா” என்றேன்.

சின்ன! என் வாயில் எப்படி வந்தது அந்த வார்த்தை? தேசம்மாவுக்குப் பேசினால் வலிக்கும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 6, வெள்ளி

சாய்நாத் அறைக்குக் கூப்பிட்டார். மல்லிகை வாசனை ஸ்பிரே. ஒரு தாளை நீட்டினார். ‘ஒப்பந்தக்காரரின் குறைபாடான வயரிங்கே தாமதத்துக்குக் காரணம்.’ கீழே என் பெயர் அடித்திருந்தது.

“இதுல சைன் பண்ணா இன்னிக்கே வேற ஆளைக் கூப்பிடலாம். பேஷண்ட் காத்துக்கிட்டிருக்காங்க இல்ல?”

பொய் என்று தெரியும். போட்டேன். தேசம்மாவுக்காக என்று சொல்லிக்கொண்டேன். இல்லை — அந்த அறையிலிருந்து வெளியே வந்தால் போதும் என்றிருந்தது. அவ்வளவுதான்.

ஜூன் 7, சனி

சமத்தை நேற்று மாலையே நிறுத்திவிட்டார்களாம். இன்று பக்ரீத்.

ஜூன் 9, திங்கள்

ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து வந்த புது ஆட்கள் தளம் முழுக்க வயர் மாற்றினார்கள். படம் வரவில்லை. எப்படி வரும்?

ஜூன் 10, செவ்வாய்

என் அலமாரியில் ஒரு பழைய லேப்டாப் கிடக்கிறது. பாதுகாப்பு மென்பொருள் ஏற்றியவர்கள் கண்ணில் அது படவில்லை. எடுத்து மாட்டினேன். நான்கு விநாடி. திரை முழுக்கத் தேசம்மாவின் கழுத்தும் தாடையும்.

எட்டு நாள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. சாய்நாத் சரி, அவன் அப்படித்தான். நான்? எனக்கென்ன கேடு? இந்த அலமாரியைத் திறந்து பார்க்காமல் அந்த மனுஷன் மேல பழி போட்டேனே, தூ.

ஜூன் 11, புதன்

தேசம்மா இளைத்ததில் மாஸ்க் தளர்ந்துவிட்டது. கன்னத்துக்கும் அதற்கும் நடுவே என் விரல் நுழைகிறது. புது மாஸ்க், புது ஸ்கேன். ஏஞ்சல் திட்டித் தீர்த்தாள். வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 13, வெள்ளி

வரைவு முடிந்தது. டாக்டர் ஒப்புதல் கொடுத்தார்.

ஜூன் 16, திங்கள்

தேசம்மாவுக்கு முதல் நாள் சிகிச்சை. நல்லபடியாக முடிந்தது.

மதியம் மீட்டிங். “வயரிங் மாத்தினதும் எல்லாம் க்ளியர்” என்று சாய்நாத் சொல்ல, இரண்டு பேர் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னை எழுப்பிவிட்டது.

“வயரிங் இல்ல. நீங்க போட்ட சாஃப்ட்வேர். சமத் வந்து பார்த்த அன்னிக்கே சொன்னார். அவர் மேல பொய்யா எழுதின தாள்ல கையெழுத்துப் போட்டது நான்.”

டாக்டர் விஜயலக்ஷ்மி, “எழுதிக் குடுங்க ஹம்சினி” என்றார்.

எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

எனக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ். பொய் அறிக்கையில் கையெழுத்திட்டதற்காக. அது நியாயம். தாளை அடித்து நீட்டியவருக்கு எதுவும் இல்லை. லிஃப்டில் பார்த்து, “டேக் கேர்” என்று சிரித்தார். படியில் இறங்கிப் போனேன்.

ஜூன் 27, வெள்ளி

பழைய லேப்டாப்பிலும் அந்தச் சனியனை ஏற்றிவிட்டார்கள். மறுபடி அதே வரி. புதிதாக இரண்டு நோயாளிகள் காத்திருக்கிறார்கள். சமத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் அவரே கூப்பிட்டார். பின்னால் ஏதோ பட்டறைச் சத்தம்.

“அதே பிரச்சினையா மேடம்? எழுதிக்கோங்க. படத்தைத் தனியா திருப்பி அனுப்ப விடாதீங்க. லாகின் போற பாதைக்குள்ளயே படமும் வர மாதிரி பண்ணணும். லாகினை அது தடுக்கல இல்ல?”

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். ஒரு இடத்தில் தப்பாக அடித்தேன், பொறுமையாகத் திருத்தினார். எந்த மென்பொருளையும் நிறுத்தவில்லை. படம் வந்தது.

“அன்னிக்கு நான் கேட்ட அரை நாள் இதுக்குத்தான்” என்றார்.

“சமத், அந்தக் கையெழுத்து—”

“தெரியும் மேடம். என்னை அனுப்பும்போது அதைத்தான் எடுத்துக் காட்டினாரு. மீட்டிங்ல நீங்க பேசினதும் தெரியும். சொன்னாங்க.”

“டாக்டர் உங்களைத் திரும்ப வரச் சொல்றாங்க. இன்னிக்கே வந்தாலும் சரின்னாங்க.”

“வேணாம் மேடம்.”

பட்டறையில் யாரோ கூப்பிட, “தோ வரேன்” என்று குரல் கொடுத்தார். போனை வைக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

“அந்த மீன்காரம்மாவுக்கு ஆரம்பிச்சாச்சா?”

“இன்னிக்குப் பன்னெண்டாவது நாள்.”

“அது போதும்” என்றார்.