பயணிகளுக்கான ஜெபத்தில் வனீஸின் பெயர்

மல்லவி, எகிப்து,
டிசம்பர் 14

அன்பு மகள் ஃபெப்ரோனியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. பனி கொட்டுகிற அந்தக் கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தம் கைக்குள் பொத்தி வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுத மனசு வரவில்லை, இருக்கிறோம். கிறிஸ்து பிறப்பு நோன்பு நடக்கிறது, வீட்டில் பருப்பும் அவரைக்காயும்தான், உன் அப்பாவுக்கு இந்தக் குளிரில் முழங்கால் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கவே அரை நாள் ஆகிறது. ரயில்வேயில் முப்பது வருஷம் நின்ற கால் அல்லவா. நான் மூன்று மாதமாகக் கடிதம் போடவில்லை என்று நீ போனில் இரண்டு தடவை கேட்டாய், கை வலி என்று சொன்னேன், கை வலி இல்லை. போனில் சொல்ல முடியாத விஷயம், சொன்னால் நீ கத்துவாய் நான் அழுவேன் இரண்டு பேரும் பாதியில் வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது உட்கார்ந்து படி. உன் அண்ணன் வனீஸ் இல்லை. கடலிலேயே போய்விட்டான். நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

எப்படித் தெரிந்தது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் கடற்கரையிலிருந்து கூப்பிட்டான், படகு இருட்டினதும் கிளம்புது, இத்தாலி போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுறேன், நீ ஜெபம் பண்ணிட்டே இரும்மா என்றான், அதோடு சரி. அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் கோவிலில் காலை தூப ஆராதனைக்குப் போய், பயணம் போகிறவர்களுக்காக ஜெபிக்கும் இடத்தில் படிக்கச் சொல்லி அவன் பெயரை எழுதிக் கொடுப்பேன். நீ கல்யாணமாகிப் போகிற வரைக்கும் என் கூடவே வந்து நின்றவள்தானே. ஒன்பது வருஷத்தில் காய்ச்சலாகக் கிடந்த நாலைந்து நாள் தவிர நான் தவறினதில்லை. வீட்டிலும் பொழுது சாயும்போது கிழக்கே பார்த்து நின்று, ஆண்டவரே அவனை வழி காட்டிக் கூட்டிவா என்று நான் சொல்லுவேன், உன் அப்பாவும் யுஸ்தினாவும் பின்னால் நின்று ஆமென் சொல்லுவார்கள்.

யுஸ்தினா நம் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது இருபத்திரண்டு வயது, அவனோடு வாழ்ந்தது ஐந்து மாதம், இப்போது முப்பத்தொன்று. போன கோடையில் நம் கோவில் குருவானவர் அபூனா பிசாதா நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, காப்பியைத் தொடாமல், அத்லி என்று ஒரு வாத்தியார், மனைவி செத்து ஒரு பெண் குழந்தையோடு இருக்கிறார், யுஸ்தினாவைக் கேட்கிறார் என்று சொன்னார். அதற்கு வனீஸ் இறந்துவிட்டதாகக் கோர்ட்டில் எழுதி வாங்க வேண்டும். மனைவியே போய்க் கேட்கலாமாம், சட்டம் தடுக்காதாம். ஆனால் அவள் தலையைக் குனிந்துகொண்டு, அத்தை வாயால சரின்னு சொல்லாம நான் கோர்ட்டு வாசல மிதிக்க மாட்டேன் அபூனா என்றாள். எனக்கு அவள் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. அவர் போனதும் அடுக்களையில் வைத்து, உனக்கு அவசரம்னா நீ போடி, யாரு உன்னைக் கட்டிப் போட்டா, போறவ என் பிள்ளையைக் குழி தோண்டிப் புதைச்சிட்டுத்தான் போகணுமா என்று கேட்டேன். அவள் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், கை நிற்கவே இல்லை. நீயும் ஜூலையில் போனில் அவளைக் கூப்பிட்டு, கையெழுத்துப் போட்டா எங்க அண்ணனை நீங்களே கொன்ன மாதிரி, அப்புறம் உங்களை அண்ணின்னு கூப்பிட மாட்டேன் என்று சொன்னாயே, நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அன்றைக்கு அது இனித்தது, மகளே. என் பாவத்தையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு அவள் சாயங்கால ஜெபத்துக்கு எங்களோடு நிற்பதில்லை, தலைவலி என்பாள், துணி காயுது என்பாள். செப்டம்பரில் ஒரு நாள் காலையில் நான் மாடிக்குப் போனேன், கோழிக்கு வைக்க. அவள் துணிக்கொடிக்குப் பின்னால் கிழக்கே திரும்பி நின்று சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தாள், நான் வந்தது தெரியாது. ஆண்டவரே, அவரு எங்கேயாவது உசிரோட இருந்தா, வேற எவளோடயாவது பிள்ளைகுட்டியோட இருந்தாக்கூடப் பரவால்ல, நான் சண்டை போட மாட்டேன், இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்ல வை. இல்லைன்னா என்னை அவிழ்த்து விட்டுரு. எனக்குக் கால் வலிக்குது. அவ்வளவுதான் அவள் ஜெபம். ஜெபத்தில் யாராவது கால் வலிக்கிறது என்று சொல்வார்களா, நான் சொன்னதில்லை. நான் படித்த ஜெபங்களில் அது இல்லை. கோழித் தீனியை அப்படியே வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

மத்தியானம் சாப்பாட்டில் உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன். இரக்கமாகச் சொல்லவில்லை, பாருங்க உங்க மருமக கடவுள்கிட்ட விடுதலைப் பத்திரம் கேக்குறா என்று குத்தலாகத்தான் சொன்னேன். அவர் பிட்ட ரொட்டியைத் தட்டில் வைத்தார். அவ கேக்குறதுல தப்பில்ல தஹானி, அவன் செத்துட்டான், எனக்கு ஏழு வருஷமாத் தெரியும் என்றார். நான் முதலில் காது கேட்காத மாதிரி, என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தேனாம், எனக்கு ஞாபகமில்லை, யுஸ்தினாதான் பிறகு சொன்னாள். அவள் தண்ணீர்ச் செம்போடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள், அவளுக்கும் அப்போதுதான் தெரியும்.

அந்தப் படகில் பக்கத்து ஊர்ப் பையன் ரூமானி என்பவனும் போயிருக்கிறான். எப்படியோ கரை சேர்ந்து, அங்கே பிடிபட்டு எங்கெங்கோ அடைபட்டு இரண்டு வருஷம் கழித்துத் திருப்பி அனுப்பப்பட்டவன், ஊருக்கு வந்த வாரமே ஸ்டேஷனில் உன் அப்பாவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். படகு இரண்டாம் நாள் கவிழ்ந்ததாம். அவனும் வனீஸும் ஒரே பிளாஸ்டிக் கேனைப் பிடித்துக்கொண்டு விடிகிற வரைக்கும் மிதந்தார்களாம். மாமா, அவன் என் கை மரத்துப்போச்சு என்னால முடியலன்னு சொன்னான், நான் அவன் மணிக்கட்டைப் பிடிச்சேன், அங்கே பச்சை குத்தியிருந்த சிலுவை மேலதான் பிடிச்சேன், வழுக்கிருச்சு மாமா என்று சொல்லி ரூமானி பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். கையை விடுவதற்கு முன்னால் உன் அண்ணன் சொன்னது ஒன்றுதானாம். எங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லாதே.

அந்த ஒரு சொல்லை உன் அப்பா ஏழு வருஷம் சுமந்திருக்கிறார். ரூமானியையும் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார், அவன் பிறகு கெய்ரோவுக்கே போய்விட்டான். யுஸ்தினாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே பாவி என்று நான் கேட்டேன். அவகிட்ட சொன்னா உன்கிட்ட சொன்ன மாதிரிதானே, ஒரே வீட்ல எப்படி மறைப்பா, நீ ஜெபம் பண்ணி முடிச்ச பிறகுதான் ரெண்டு வாய் சாப்பிட்டே, அதையும் எப்படிப் பறிப்பேன் என்று சொல்லிவிட்டு, யுஸ்தினாவைப் பார்த்து, மகளே உன் ஏழு வருஷத்தை நான்தான் தின்னேன் என்றார். அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் கையை முத்தம் செய்தாள். எனக்கு அந்த மனசு இல்லை. நான் பன்னிரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சமைத்து வைத்தேன், மாத்திரை எடுத்து வைத்தேன், பேசவில்லை.

ஜெபமும் பண்ணவில்லை. படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றவில்லை. நீ இதைப் படித்து அதிர்ச்சி அடைவாய், அம்மாவா இப்படி என்று. ஃபெபி, எனக்குத் திரும்பத் திரும்ப ஒன்றுதான் ஓடியது. நான் நடுவில் நின்று வழி காட்டிக் கூட்டிவா கூட்டிவா என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன், பின்னால் நிற்கிற உன் அப்பாவுக்கும் தெரியும், முன்னால் நிற்கிற ஆண்டவருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். உன் அப்பாவின் மேல் வந்த கோபம்கூட ஒரு வாரத்தில் கொஞ்சம் இறங்கியது.

பதின்மூன்றாம் நாள் கோவிலுக்குப் போய் அபூனாவைப் பார்த்தேன். ஒன்பது வருஷமா நான் பண்ணின ஜெபமெல்லாம் எங்கே போச்சு, செத்தவனைப் பத்திரமா நடத்துன்னு கேட்ட ஜெபத்தை அங்கே என்ன பண்ணுவாங்க என்று கேட்டேன். உங்களுக்கும் தெரியுமா என்றும் கேட்டேன், அவர் தரையைப் பார்த்தார், பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் சொல்ல மாட்டார், நான் மேலே கேட்கவில்லை. அவர் எங்களை விடச் சின்னவர், உன் அண்ணன் வயதுதான். தெரியலம்மா, தெரிஞ்ச மாதிரி பேசினா பாவம் என்றார். பிறகு தயங்கி, அந்த ஜெபத்துல அமைதியான துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேருன்னுதானே கேக்குறோம், எந்தக் கரைன்னு நாம சொல்றதில்லையே என்றார். அழகான பேச்சுதான். எனக்கு அன்றைக்கு அது பிடிக்கவில்லை, இன்றைக்கும் முழுசாகப் பிடிக்கவில்லை. ஆனால் தெரியாது என்று முதலில் சொன்னாரே, அதற்காக அவர் கையை முத்தம் செய்துவிட்டு வந்தேன்.

அன்றைக்குச் சனிக்கிழமை, சாயங்கால தூபத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் இடத்தில் படிக்க, அப்பா பேரையும் சேர்த்து வனீஸ் அய்யாத் என்று நானே எழுதிக் கொடுத்தேன். எழுத்து கோணிவிட்டது, யுஸ்தினா நான் எழுதட்டுமா அத்தை என்றாள், வேண்டாம், பேர் வச்சவ நான் என்றேன். அபூனா படித்தபோது உன் அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். ஏழு வருஷ அழுகை, அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. நான் பெண்கள் பக்கமிருந்து அவரைப் பார்த்தேன். எனக்குக் கண்ணீர் வரவில்லை. வெளியே வந்து, முழங்கால் வலிக்குதா, மெதுவா நடங்க என்றேன். அதுதான் பேசின முதல் பேச்சு.

அக்டோபரில் கோர்ட்டுக்குப் போய்ச் சரி என்று சொன்னேன், கையெழுத்துப் போட்டேன், ரூமானியும் வந்து சாட்சி சொன்னான். பத்திரம் போன வாரம் கைக்கு வந்தது. பண்டிகை முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை யுஸ்தினாவுக்குக் கல்யாணம், தாய் இல்லாத பெண் என்பதால் நான்தான் உடுத்திவிட வேண்டும் என்கிறாள். சந்தோஷமாக இருக்கிறேன் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். அவள் பெட்டியில் துணி அடுக்குகிற சத்தம் கேட்கும்போது வயிறு எரிகிறது, அடுத்த நிமிஷம் என் மேலேயே வெட்கமாக இருக்கிறது. அத்லி நல்லவர். குழந்தை வந்தால் யுஸ்தினாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டே சுற்றுகிறது.

இப்போது சாயங்காலம் உன் அப்பாதான் ஜெபம் சொல்கிறார், தப்பும் தவறுமாக. எனக்குக் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. சும்மா நிற்கிறேன். நம்பிக்கை போய்விட்டதா என்று நீ கேட்டால் தெரியாது, விளக்கை ஏற்றத் தொடங்கிவிட்டேன், அவ்வளவு சொல்ல முடியும். நீ ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறாய், கோவிலை விட்டு ரொம்ப நாளாயிற்று என்று எனக்குத் தெரியும், திட்ட மாட்டேன். ஆனால் எப்போதாவது ஜெபம் பண்ணினால் உள்ளதைச் சொல்லு, கால் வலிக்கிறது என்றால் அதையே சொல்லு. நாம் கேட்கிற ஜெபத்தின் அடியில் யாராவது நசுங்குகிறார்களா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள். நான் பார்க்கவில்லை. அப்பாவின் மேல் கோபப்படாதே, பேசாமல் இருக்கிற வேலையை நான் செய்து முடித்துவிட்டேன், இன்னொருத்தி செய்ய வேண்டாம். அழ வேண்டியதை அழுதுவிடு, வெறும் வயிற்றில் அழாதே.

பேரப்பிள்ளையின் நெற்றியில் எனக்காகச் சிலுவை போடு. கர்த்தர் உன்னைப் போகும்போதும் வரும்போதும் விட்டுவிடாமல் இருக்கட்டும், மாப்பிள்ளையின் கைவேலையை ஆசீர்வதிக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. கல்யாணத்துக்கு முன்னால் யுஸ்தினாவைக் கூப்பிட்டுப் பேசு, பேசும்போது அண்ணி என்று கூப்பிடு. அவள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் வீட்டில் போன் அடித்தால், நீயாக இருக்குமோ என்று பயந்து, எழுந்து மாடிக்குப் போய்விடுகிறாள்.

இப்படிக்கு
உன் அம்மா
தஹானி